கூடையில் விழுமுன் ஒரு கும்பிடு

லிந்துலைத் தேயிலை மலைகளில் விசுவாசம் எங்கே குடியிருக்கிறது?

காலை ஏழு மணியாகியும் லிந்துலையில் மூடுபனி விலகவில்லை. தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பெருந்தெருவில் பஸ் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டே வளைவுகளில் இரைந்து ஏற, தெருவுக்கு மேலே, பனிக்குள் மறைந்து கிடக்கும் மலையில், பிரட்டு என்னும் காலை ஆள்கணக்குக் கலைந்து வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பில் இறுகக் கட்டிய படங்கு. தலையில் மடித்துப் போட்ட துணி, அதன்மேல் கூடைக்கயிறு. அட்டை ஏறாதிருக்க முழங்கால் வரை தேய்த்த சவர்க்காரம். கங்காணி நிரை பிரித்துக் கொடுத்த மாத்திரத்தில் கையை ஓட்டத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வயதில் மூத்த ஒருத்தி, தன் நிரையின் தலைப்பில் நின்று, முதற்செடியிலிருந்து கிள்ளிய முதற்பிடிக் கொழுந்தைக் கூடைக்குள் எறியாமல், இரு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்து, கிழக்கு முகமாக நின்று ஒரு கணம் கண்ணை மூடுகிறாள். அடுத்த நிரையில் நிற்கும் பேத்திக்கு அது வேடிக்கை.

"அம்மாயி, எந்தச் சாமிய கும்பிட்டீங்க?"

"எல்லாச் சாமியுந்தான். இன்னைக்குப் பேரு விழணும், குளவி கலையக் கூடாது" என்கிறாள் கிழவி. அதற்குள் கூடைக்குள் நாலு பிடி விழுந்துவிட்டது.

அந்த இரண்டு விண்ணப்பங்களுக்குள்ளும் தோட்டத்துச் சீவியத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. பேர் விழுவது என்றால் அன்றைய நாட்கூலி முழுமையாகக் கணக்கில் ஏறுவது. அநேக தோட்டங்களில் அதற்குப் பதினெட்டு முதல் இருபது கிலோ வரை கொழுந்து நிறுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர்தான். குளவியின் கதை அதைவிடக் கொடியது. தேயிலைச் செடிக்கு அடியிலும் நிழல்மரத்தின் கிளையிலும் கூடு கட்டியிருக்கும் குளவிகள், கை பட்டோ காற்று அடித்தோ ஒருமுறை கலைந்துவிட்டால், செங்குத்தான சரிவில் முதுகில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு ஓடித் தப்ப வழி ஏது? மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்குக் குளவி கொட்டுப்பட்டவர்கள் கூட்டமாகத் தூக்கிவரப்படுவது ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிறது, மரணங்களும் நேர்கின்றன.

அன்றாட வாழ்க்கையில் மனிதன் தன் நம்பிக்கையையும் தன் இருப்புக்கான அர்த்தத்தையும் எவ்விதம் கண்டடைகிறான் என்னும் விசாரம் இன்று நகரங்களில் பெரிதாக நடக்கிறது. தியான முகாம்களும், பிரசங்க மேடைகளும், கைபேசியில் நாள்தோறும் வந்துசேரும் உபதேசங்களும் அந்த விசாரத்துக்குத் தீனி போடுகின்றன. அவற்றிலெல்லாம் சொல்லாமல் சொல்லப்படும் ஒரு நிபந்தனை, வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வா என்பதாகவே இருக்கிறது. வேலையை ஒதுக்கிவைக்க முடியாதவர்கள், ஒதுக்கிவைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாதவர்கள், இரண்டு நூற்றாண்டுகளாக என்ன செய்தார்கள் என்பதைக் காண லிந்துலையைவிடப் பொருத்தமான ஸ்தலம் கிடைப்பது அரிது.

பிடிமண்ணும் பெருவழியும்

பூர்வ கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின், 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை மலைகளை மூடிக்கொண்டது. தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே மாண்டார்கள். பிழைத்து வந்தவர்கள், சொந்த ஊர்க் கோயிலின் பிடிமண்ணைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்ததாகவும், அதை வைத்தே தோட்டத்து மாரியம்மனைப் பிரதிஷ்டை செய்ததாகவும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் எங்கும் சொல்லக் கேட்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஜனங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. எஞ்சிநின்ற நாடற்றோருக்குச் சட்டப்படி பிரஜாவுரிமை கிடைத்தது 2003இல்தான்.

இந்த நீண்ட காலத்தில், இது என் மண் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லாதிருந்த ஒரு சமூகம், ஆற்றோரத்திலும், மலை முடக்கிலும், ஆலைக்கு அருகிலும் கல்லை நட்டுப் பெயர் சூட்டிக்கொண்டே வந்தது என்பதை நான் வெறும் பக்தியின் விளைவாகக் கருதவில்லை. காணி உறுதி எழுத இடங்கொடாத இடத்தில் அவர்கள் தெய்வத்தைக் குடியேற்றினார்கள். தெய்வம் இருக்கிற இடத்தைவிட்டு மனிதரை அப்புறப்படுத்துவது தோட்ட நிர்வாகிகளான துரைமாருக்கும் சற்றுச் சங்கடமான காரியம்.

ஆபத்து இருந்த இடமெல்லாம்

மாரியம்மனும், முருகனும், மதுரை வீரனும், முனியாண்டியும் ஊரிலிருந்து வந்தவர்கள். ஆனால் தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உண்டு என்பதுதான் ஆச்சரியமான சங்கதி. ஆலை என்னும் வஸ்துவைப் பார்த்திராத கிராமத்து உழவர்கள், சுழலும் பெருஞ்சக்கரமும், விம்மி ஓடும் பட்டைகளும், இலையைக் கசக்கும் இயந்திரமும் நிறைந்த தேயிலை ஆலைக்குள் அடியெடுத்து வைத்தபோது, கொஞ்சம் கவனம் பிசகினாலும் கையை இழுத்துக்கொள்ளும் அந்தச் சக்கரத்தில் ஓர் உக்கிர சக்தியைக் கண்டார்கள். அதற்கு ரோதைமுனி என்று பெயரிட்டு, ஆலைக்குப் பக்கத்திலேயே பீடம் அமைத்து, கோழி அறுத்துப் பூசை போட்டார்கள். எந்தப் புராணத்திலும் இல்லாத, எந்த ஆகமமும் அறியாத ஒரு தெய்வம், இயந்திர யுகத்தின் பயத்திலிருந்து, தொழிலாளியின் சொந்தச் சிருஷ்டியாக எழுந்தது.

கவ்வாத்துசாமியும் அப்படித்தான். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டித் தள்ளும் கவ்வாத்து வேலை ஆண்களுடையது. கூரிய கத்தி, வழுக்கும் சரிவு, மழை. மலையில் முதல் வெட்டு விழுமுன், மலைத்தலைப்பில் ஒரு கல்லுக்குப் பொட்டிட்டு, கத்திகளை அதன் முன் வரிசையாகக் கிடத்தி, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். ஆற அமர நடக்கும் ஆராதனையாக அது இராது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கங்காணியும் அந்தப் பத்து நிமிஷத்தைக் கணக்கில் பிடிப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்குள் தொழிலாளி தனக்கென்று வாங்கிக்கொண்ட அந்தப் பத்து நிமிஷத்தின் விலையை அறிந்தவர்கள், மூடநம்பிக்கை என்று அதை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

> தோட்டத்துத் தெய்வங்கள்: சில குறிப்புகள்
>
> ரோதைமுனி: ஆலையின் காவல். ரோதை என்பது சக்கரம்.
>
> கவ்வாத்துசாமி: கவ்வாத்து மலையில், வேலை தொடங்கும் நாளில் மட்டும் பூசை. பல இடங்களில் கல் ஒன்றுதான், கட்டடம் இல்லை.
>
> முனியாண்டி: மலை முடக்கிலும் ஆற்றங்கரையிலும் இருப்பவர். சுருட்டும் சாராயமும் படையல்.
>
> மாரியம்மன்: ஏறக்குறைய எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவான தாய். ஆண்டுத் திருவிழா இவளுக்கே. கரகம், பால்குடம், தீமிதி.
>
> வனத்துச் சின்னப்பர்: கத்தோலிக்கத் தொழிலாளரின் காட்டுக் காவலர். இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு

லயத்துக் காம்பிரா ஒன்றின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலையகத்தில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அந்த அளவுக்குள் மூன்று தலைமுறை உறங்கி எழுகிறது. இஸ்தோப்பில் சமையல், சுவருக்கு அப்பால் பக்கத்துக் குடும்பத்தின் இருமல்கூடக் கேட்கும். சாமிப்படம் சுவரில் ஒரு பலகைத் தட்டில், கூரைத் தகரத்துக்குச் சற்றுக் கீழே, அடுப்புப் புகையில் கறுத்து நிற்கும். ஒருவர் தனியே உட்கார்ந்து தம் மனத்தோடு நாலு வார்த்தை பேசிக்கொள்ள அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே, ஆத்மார்த்தமான பிரார்த்தனை என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அமைந்த ஏகாந்தம் அவளுடைய நிரைதான். இருபுறமும் இடுப்பளவு செடி. அடுத்த நிரைக்காரியின் குரல் கேட்கும், ஆனால் முகம் பனியில் மறைந்துவிடும். கை தானாக ஓடிக்கொண்டிருக்க, மனம் எங்கு வேண்டுமானாலும் போகலாம். மகனின் சாதாரண தரப் பரீட்சைக்கு நேர்ந்துகொள்வதும், குடித்துவிட்டு வரும் புருஷனைச் சபிப்பதும், அப்புறம் அந்தச் சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி அம்மனைக் கெஞ்சுவதும் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. வேலையின் நடுவே, வேலையின் தாளத்தோடு நடக்கும் இந்த அனுஷ்டானத்துக்குப் பூசாரி தேவைப்படவில்லை.

வட்டகொடைக்கருகில் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கவாதியாகவும் கவிஞராகவும் அறியப்பட்டவர். அதற்கும் மேலாக, இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். கொழுந்தெடுக்கும் பெண்களின் வாயில் தாலாட்டும், ஒப்பாரியும், கங்காணியைப் பழிக்கும் பாட்டும், சாமியைக் கூப்பிடும் பாட்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதில்லை என்பதை அறிந்துகொள்ள இத்தகைய தொகுப்புகள் போதும்.

சம்பளச் சீட்டில் கோயில்

இவ்வளவு தூரம் சொன்னபின், மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, வாங்கிய தேயிலைத் தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று நீளும் கழிவுகளுக்கிடையே கோயிலுக்கென்றும் ஒரு தொகை கழிந்திருப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். 2024 செப்டம்பரில்தான் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயாயிற்று. அதற்கு முன் ஆயிரம் ரூபாய்க்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்தக் கூலியிலிருந்துதான் திருவிழா வருகிறது. மூன்று நாள் திருவிழாவுக்கு வாங்கிய கடனை அடுத்த திருவிழா வரை கட்டும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. தீபாவளி முற்பணத்தின் கதையும் அதுவே: பண்டிகை ஒரு நாள், தவணை பல மாதம்.

நிர்வாகங்களும் இதை நன்கு அறிந்திருந்தன. திருவிழாவுக்கு லொறி கொடுப்பதும், தேர் இழுக்க ஒரு நாள் விடுமுறை கொடுப்பதும், துரைக்கு முதல் மாலை போடுவதும் நெடுங்காலச் சம்பிரதாயம். சாமிக்கு முன்னால் துரையும் தொழிலாளியும் ஒன்று என்று மேடையில் சொல்லப்படும். மறுநாள் பிரட்டுக்களத்தில் அது செல்லாது. சாதியும் இங்கேதான் தன் முகத்தைக் காட்டும். தப்பு அடிக்கிறவர் யார், கரகம் எடுக்கிறவர் யார், பந்தலில் யார் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் ஊரிலிருந்து பிடிமண்ணோடு சேர்ந்து கப்பலேறி வந்த விஷயங்கள். விடியுமுன் பிரட்டுக்கு ஆள் எழுப்பிய அதே தப்புதான் சாமி அழைக்கவும் முழங்கிற்று. அதை அடித்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் மரியாதை கிடைத்ததில்லை. இப்போது படித்த இளைஞர் சிலர் தப்பைத் தங்கள் கலையாகப் பெருமையோடு கையிலெடுக்கிறார்கள். வேறு சிலர், எங்கள் தகப்பனோடு அது போகட்டும் என்று உறுதியாக மறுக்கிறார்கள். இருசாராரின் நியாயமும் எனக்கு விளங்குகிறது.

தெய்வ நம்பிக்கை இவர்களை அடங்கிக் கிடக்கச் செய்தது என்று சொல்கிறவர்கள் சரித்திரத்தை அரைகுறையாகப் படித்தவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலீஸ் குண்டுக்கு இரையான கோவிந்தனும், 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகள் கைமாறுவதை எதிர்த்துத் தலவாக்கலைப் பக்கத்து டெவன் தோட்டத்தில் திரண்ட கூட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சிவனு லட்சுமணனும், சாமி கும்பிடும் லயங்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்களே. அவர்கள் பெயர் இன்றும் தியாகிகளின் வரிசையில் சொல்லப்படுகிறது.

காமன் எரியும் இரவு

தனிமனித விசுவாசமும் ஊர்க்கூட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் காமன் கூத்து. மாசி மாதத்தின் வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து, ரதியாகவும் மன்மதனாகவும் வேஷங்கட்ட நேர்ந்துகொண்ட இருவரும் விரதம் காக்கிறார்கள். ரதி வேஷம் கட்டுகிறவரும் ஆண்தான். அவர் பகலில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவராகவோ, ஆலையில் இரவு வேலை செய்கிறவராகவோ, இந்நாளில் பெரும்பாலும் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறவராகவோ இருப்பார். நடிக்க ஆசைப்பட்டு அவர் வேஷம் கட்டுவதில்லை. பிள்ளை பிறந்ததற்கோ, நோய் தீர்ந்ததற்கோ, தகப்பன் கட்டிய வேஷம் தன்னோடு அற்றுப்போகக் கூடாது என்பதற்கோ கட்டுகிறார். கடைசி இரவில், சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததும், ரதி அழும் அழுகையைக் கேட்டுக்கொண்டு குளிரில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் தங்கள் சொந்த இழப்புகளுக்காகவும் அழுதுகொள்கிறார்கள். அந்த ஒப்பாரியில் புராணம் எவ்வளவு, லயத்துக் கதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

> காமன் கூத்து
>
> எப்போது: மாசி வளர்பிறை மூன்றாம் நாள் கம்பம் ஊன்றல், பௌர்ணமியை ஒட்டித் தகனம்.
>
> பாத்திரங்கள்: ரதி, மன்மதன், சிவன், தூதன், வீரபத்திரர், காளி முதலியோர்.
>
> வாத்தியம்: தப்பு.
>
> முடிவு: ரதியின் வேண்டுதலால் மன்மதன் உயிர் பெறுகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

ஒரே காம்பிராவில் இரண்டு விளக்கு

தோட்டங்களின் சமயம் என்றால் இந்து சமயம் என்று எழுதி முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். ஆனால் 1854இலேயே தோட்டத் தமிழருக்கென்று ஆங்கிலிக்க மிஷன் ஒன்று, தோட்டக்காரரின் உதவியோடு, இம்மலைகளில் தொடங்கிவிட்டது. கத்தோலிக்கக் கோயில்களும், மெதடிஸ்தரும், மசூதிகளும் பழைய சங்கதிகள். அண்மைக் காலத்தில் லயத்துக் காம்பிராவிலேயே கூடும் ஜெபக்கூட்டங்கள் பெருகியிருக்கின்றன. குடியைவிட்டு எழுந்த கணவனைப் பார்த்து மனைவி ஜெபத்துக்குப் போவதும், மாமியார் அதே வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் சாதாரணம். இதனால் சச்சரவும் நேர்கிறது. சாவு வீட்டில் யார் முறைப்படி அடக்கம் என்று இரண்டு பக்கமும் வரிந்துகட்டிக்கொண்டு நின்ற சம்பவங்களைத் தோட்டங்களில் கேட்கலாம். மற்றபடி அநேக வீடுகளில், இரண்டு விளக்கும் ஒரே தட்டில் எரிகின்றன. எண்ணெய் வாங்குகிறவள் ஒருத்தியே.

மதம் மாறியவரைப் பணத்துக்கு விலைபோனவர் என்று ஏசுவது மலையகத்திலும் எளிதான பேச்சு. ஒருவர் தம் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு விசுவாசத்தைத் தெரிந்தெடுத்தார் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. கூலிக்காரனுக்கு அவ்வளவு சுயபுத்தி எங்கே என்னும் பழைய துரைத்தனத்தின் மிச்சம் அந்த ஏச்சுக்குள் இருக்கிறது.

மண் சரிந்தபின், வீடு மாறியபின்

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைகள் பெயர்ந்து விழுந்தன. லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தன. சாமி ஏன் காக்கவில்லை என்ற கேள்வி எழுந்ததா என்றால், எழாமல் இல்லை. ஆனால் அதைவிட உரத்து எழுந்த கேள்வி, சரியும் என்று தெரிந்த நிலத்தில் எங்களை ஏன் இவ்வளவு காலம் குடிவைத்தீர்கள் என்பதுதான். சாமியிடம் கேட்க வேண்டியதைச் சாமியிடமும், அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை அரசாங்கத்திடமும் கேட்கும் தெளிவு இவர்களுக்கு இருக்கிறது. இல்லாதது, கேட்டதற்குப் பதில்.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் என்று, ஏழு பேர்ச் காணியோடு கூடிய தனி வீடுகள் மெல்ல எழுகின்றன. அவ்வீடுகளுக்குக் குடிபோனவர்கள் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, ஒரு மூலையைச் சாமியறையாகத் தடுத்துக்கொள்வது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே கும்பிடுவது என்பது அவர்களுடைய பாட்டன் பாட்டி அறியாத சௌகரியம். அதே சமயத்தில், கைவிடப்பட்ட லயத்துக்கு அருகே நின்ற முனியாண்டியைக் கூட்டிவருவதா, அங்கேயே விடுவதா என்னும் தர்க்கமும் தொடங்குகிறது. கல்லைப் பெயர்த்துவரலாம், காவலைப் பெயர்க்க முடியுமா என்று முதியவர்கள் கேட்கிறார்கள். புதுக் குடியிருப்பிலிருந்து பழைய லயத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்ற நடந்துபோகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் யார் நடப்பார்கள் என்று தெரியவில்லை.

இளந்தலைமுறை மலையில் இல்லை. கொழும்பில் உடுப்புக் கடையிலும், ஹோட்டலிலும், வளைகுடா நாட்டு வீடுகளிலும் இருக்கிறது. தோட்டத்துப் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. ஆகவே, கோயில் பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வழியும் கிடையாது. திருவிழாவுக்குக் கொடியேறும் முன், கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் கொப்பியும் கைபேசியுமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, இந்த முறை தலைக்கட்டு வரி இவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் அழைப்பை எடுப்பதில்லை. ஒருவன், தான் இப்போது ஜெபத்துக்குப் போவதாகவும், ஆனாலும் அம்மா பேரில் எழுதிக்கொள்ளும்படியும் சொல்கிறான். இன்னொருத்தி, வெளிநாட்டிலிருந்து, கேட்ட தொகையைப்போல இரண்டு மடங்கு அனுப்பிவிட்டு, அதில் பாதி ஆலைப் பக்கத்து ரோதைமுனிக்குப் போக வேண்டும், கமிட்டிக் கணக்கில் கலக்கக் கூடாது என்று கண்டிப்பாகக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள்.